லாட்ஜ் லீசுக்கு எடுக்கப் போறீங்களா? முதல்ல மூட்டைப்பூச்சிக்கு ஒரு பட்ஜெட் போடுங்க!



கொஞ்ச நாளா நம்ம சேனலுக்கு ஒரே மாதிரி கேள்வி நிறைய வருது. "மாசச் சம்பளத்துல மிச்சம் பிடிச்ச பணம் கொஞ்சம் இருக்கு. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து தூத்துக்குடியிலயோ திருச்செந்தூர்லயோ ஒரு பழைய லாட்ஜை லீசுக்கு எடுத்து நடத்தலாமா?"

கேள்வியில தப்பே இல்ல. 2025 ஜூலை 7-ம் தேதி திருச்செந்தூர் கோயில் கும்பாபிஷேகம் நடந்துச்சு. அதே மாசம் 26-ம் தேதி தூத்துக்குடி விமான நிலையத்துல புது முனையம் திறந்தாங்க. ஆகஸ்ட் 4-ம் தேதி வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை திறந்தாச்சு. துறைமுக வேலையா வர்றவங்க, கோயிலுக்கு வர்றவங்க, கம்பெனி வேலையா வர்றவங்கன்னு ரூம் தேடுற கூட்டம் இந்தப் பக்கம் இருக்கத்தான் செய்யும்.

ஆனா எக்செல் ஷீட்னு ஒண்ணு போடுறோமே, அதுலதான் எனக்கு ஒரு குறை. லீஸ் அட்வான்ஸ், பெயின்ட், ஏசி, டிவி, கரன்ட் பில், புக்கிங் ஆப் கமிஷன் எல்லாம் பைசா சுத்தமா இருக்கும். பூச்சி, எலி, கொசுவுக்குன்னு ஒரு வரி இருக்காது. கேட்டா, "வந்தா மருந்து அடிச்சுக்கலாம் ப்ரோ"ன்னு பதில் வரும்.

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். அந்த ஒரு வரி இல்லாத ஷீட்டை நம்பி உங்க சேமிப்பைப் போடாதீங்க. "வந்தா பார்த்துக்கலாம்"ங்கிறதுதான் தங்கும் விடுதித் தொழில்ல ரொம்பச் செலவு வைக்கிற முடிவு. ஏன்னு பார்ப்போம்.

துறைமுகத்துக்கு இந்தப் பாடம் முன்னாடியே தெரியும்

தூத்துக்குடி துறைமுகத்துல கப்பல் கட்டியிருக்கிற கயிற்றைக் கவனிச்சிருக்கீங்களா? கயிற்றோட நடுவுல வட்டமா ஒரு தகடு மாட்டியிருப்பாங்க. கயிறு வழியா எலி கப்பலுக்கு ஏறவும் கூடாது, கப்பல்ல இருந்து கரைக்கு இறங்கவும் கூடாதுன்னுதான் அது.

அதோட முடியல. சர்வதேச சுகாதார விதிகள் 2005-ன் படி, வெளிநாடு போய்வர்ற கப்பல்கள் சுகாதாரச் சான்றிதழ் வெச்சிருக்கணும். எலி, பூச்சி, சமையலறை, குடிதண்ணி, குப்பைன்னு எல்லாத்தையும் பார்த்துதான் அதைக் கொடுப்பாங்க. செல்லுபடி அதிகபட்சம் 6 மாசம். ஒரு காலத்துல இதுக்குப் பேரே எலி ஒழிப்புச் சான்றிதழ்தான். 1896-ல பம்பாய்ல பிளேக் பரவி நாடே ஆட்டம் கண்ட பிறகு, எலியைச் சின்ன விஷயமா நினைக்கிற தைரியம் எந்தத் துறைமுகத்துக்கும் இல்ல.

பல கோடி ரூபாய் சரக்கோட வர்ற கப்பலையே 6 மாசத்துக்கு ஒரு தடவை சோதிக்கிறாங்க. பிரச்னை வந்த பிறகு பார்க்கறதில்ல, வர்ற வழியை முதல்லயே அடைக்கிறாங்க. தினமும் பத்துப் பேர் புதுசா பெட்டியைத் தூக்கிட்டு வர்ற உங்க லாட்ஜ் மட்டும் விதிவிலக்கா?

"நாங்க சுத்தமா வெச்சிருப்போம்" – அது மட்டும் பத்தாது

மூட்டைப்பூச்சி அழுக்கு இருக்கிற இடத்துலதான் வரும்னு பலர் நினைக்கிறாங்க. அது தேடுறது அழுக்கை இல்ல, மனுஷ ரத்தத்தை. வர்ற வழி கெஸ்ட்டோட பெட்டி, பை, துணி. அஞ்சு நட்சத்திர ஹோட்டலுக்கும் அதே பெட்டிதான் வருது, 800 ரூபாய் லாட்ஜுக்கும் அதே பெட்டிதான் வருது. 2023-ல பாரிஸ் நகரமே மூட்டைப்பூச்சியால அல்லாடினது செய்தியில பார்த்திருப்பீங்க. பிரான்ஸ் அரசோட சுகாதாரப் பாதுகாப்பு அமைப்பு கொடுத்த கணக்குப்படி, 2017-லிருந்து 2022-க்குள்ள அங்க 11 சதவீத வீடுகள்ல மூட்டைப்பூச்சி வந்திருக்கு. பணக்கார நாடுதான், சுத்தமான நாடுதான்.

அது எப்படிப் பெருகுதுன்னு பாருங்க. நம்ம பணத்துக்குக் கூட்டு வட்டி மாதிரிதான், ஆனா நமக்கு எதிரா ஓடுற கூட்டு வட்டி. ஒரு பெண் பூச்சி ஒரு நாளைக்கு ஒண்ணுலிருந்து அஞ்சு முட்டை வரை வைக்கும். வாழ்நாள்ல 200-க்கும் மேல. முட்டை ஒரு வாரம், பத்து நாள்ல பொரிஞ்சிடும். நம்ம கடற்கரை வெக்கையில வளர்ச்சியும் வேகம். ரத்தம் கிடைக்காட்டியும் மாசக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதனால "ரூமை ஒரு வாரம் பூட்டி வெச்சா செத்துடும்"ங்கிறது நடக்காத காரியம்.

இன்னொரு சிக்கல், கடைகள்ல கிடைக்கிற வழக்கமான ஸ்ப்ரேக்களுக்கு உலகம் முழுக்கவே மூட்டைப்பூச்சி பழகிப் போச்சு. அடிச்சதும் கொஞ்சம் சாகும், மிச்சம் சுவர் வழியா, ஒயர் பைப் வழியா பக்கத்து ரூமுக்குப் போயிடும். ஒரு ரூம் பிரச்னை மூணு ரூம் பிரச்னை ஆகும்.

சரி, கணக்குக்கு வருவோம்

இது ஒரு உதாரணக் கணக்குதான். ரேட் எல்லாம் நானா வெச்ச எண்கள். நீங்க உங்க ஊர் ரேட்டைப் போட்டுப் பாருங்க.

10 ரூம் லாட்ஜ். ஒரு ரூம் 1,500 ரூபாய். சராசரியா 60 சதவீதம் ரூம் நிறையுது. ஆண்டு வருமானம் 10 × 365 × 60% × 1,500 = 32,85,000 ரூபாய்.

இப்போ ஒரு ரூம்ல மூட்டைப்பூச்சி. கெஸ்ட் போட்டோவோட ரிவ்யூ போட்டுட்டார்.

- பக்கத்து ரெண்டு ரூமையும் சேர்த்து 3 ரூம், 15 நாள் மூடணும் (ரெண்டு தடவை மருந்து, நடுவுல ரெண்டு வார இடைவெளி): 40,500 ரூபாய் இழப்பு
- மருந்தடிக்கிற செலவு: 15,000
- 3 மெத்தை மாத்தணும்: 24,000
- ரிவ்யூவால 3 மாசத்துக்கு 60 சதவீதம் 50 சதவீதமா குறையுது: 10 ரூம் × 90 நாள் × 10% × 1,500 = 1,35,000

மொத்தம் 2,14,500 ரூபாய். இதுல பெரிய தொகை எதுன்னு பாருங்க. மருந்து இல்ல, மெத்தை இல்ல. போன பேர்தான். பூச்சி 15 நாள்ல போகலாம், ரிவ்யூ போகாது.

இப்போ வராம தடுக்கிறதுக்கான வருஷச் செலவு:

- மாசா மாசம் ஆள் வந்து சோதிச்சுப் போற ஒப்பந்தம், 2,500 × 12 = 30,000; 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 35,400
- 10 மெத்தைக்கும் ஜிப் போட்ட முழு உறை 15,000. மூணு வருஷம் வரும்னா வருஷத்துக்கு 5,000
- கதவடி ரப்பர், ஜன்னல் வலை, பைப் ஓட்டை அடைக்கிறது 20,000. நாலு வருஷம் வரும்னா வருஷத்துக்கு 5,000
- ரூம் சுத்தம் பண்றவங்களுக்கு வாராந்திரச் சோதனைக்கான ஊக்கத்தொகை மாசம் 1,000, வருஷத்துக்கு 12,000

மொத்தம் 57,400 ரூபாய். வருமானத்துல 2 சதவீதம்கூட இல்ல, 1.75 சதவீதம்.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். 2,14,500-ஐ 57,400-ஆல வகுத்தா 3.7 வருது. அதாவது, இப்படி ஒரு சம்பவம் நாலு வருஷத்துக்கு ஒரு தடவைக்கும் குறைவாத்தான் வரும்னு உறுதியாத் தெரிஞ்சா, இந்தக் கணக்குல தடுப்புச் செலவு நஷ்டம்தான். ஆனா அந்த 57,400-ல மூட்டைப்பூச்சி மட்டும் அடங்கல. எலி கடிச்ச ஒயர், கரப்பான்பூச்சி, கொசு எல்லாமே அடங்குது. அதோட, சம்பவம் எப்போ வரும்னு நம்ம கையில இல்ல. கந்தசஷ்டி நேரத்துலயோ, ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா நேரத்துலயோ 3 ரூம் பூட்டிக் கிடந்தா இழப்பு இதைவிட எவ்வளவு ஆகும்னு நீங்களே போட்டுப் பாருங்க.

ரெண்டு விஷயம் கூடுதலா கவனிங்க.

முதல்ல ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22-லிருந்து, ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரைக்குமான ரூம் வாடகைக்கு வரி 5 சதவீதம். கெஸ்ட்டுக்கு சந்தோஷம். ஆனா இதுக்கு உள்ளீட்டு வரி கிரெடிட் கிடையாது. அதாவது, பூச்சி ஒழிப்புக் கம்பெனிக்கு நீங்க கட்டுற 18 சதவீதத்தைத் திரும்ப எடுக்க முடியாது. அதனாலதான் மேல 35,400-னு முழுசா செலவுல வெச்சேன். பலர் இந்த இடத்துல கோட்டை விடுவாங்க.

அடுத்து இன்சூரன்ஸ். "பாலிசி இருக்கே, பார்த்துக்கும்"னு நினைக்காதீங்க. பொதுவா தீ விபத்து பாலிசிகள்ல பூச்சி, எலி, கரையான் மெதுவா அரிச்ச சேதம் வராது. ரூம் பூட்டிக் கிடந்த வருமான இழப்பும் அப்படித்தான். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி விலக்குகள் பகுதியைப் படிங்க.

மருந்து ஏன் கடைசி ஆயுதமா இருக்கணும்?

இதுவரைக்கும் பேசினது பணம். இனி பேசப்போறது உயிர்.

2024 நவம்பர்ல சென்னையை அடுத்த குன்றத்தூர் பக்கம் ஒரு வீட்டுல எலித் தொல்லைன்னு தனியார் நிறுவனத்தைக் கூப்பிட்டு மருந்து வெச்சாங்க. அந்த நெடியில ரெண்டு சின்னக் குழந்தைகள் இறந்துட்டாங்க. அப்பா ஒரு வங்கி ஊழியர். நம்மள மாதிரி மாசச் சம்பளக் குடும்பம்.

ஹோட்டல்லயும் நடந்திருக்கு. 2018 ஆகஸ்ட்ல எகிப்தோட ஹுர்காடாவுல, பக்கத்து ரூம்ல மூட்டைப்பூச்சிக்கு அடிச்ச மருந்தோட ஆவியால ஒரு பிரிட்டிஷ் தம்பதி இறந்தாங்க. மருந்தில கலந்திருந்த டைகுளோரோமீத்தேன்கிற ரசாயனம் உடம்புக்குள்ள கார்பன் மோனாக்சைடா மாறியிருக்குன்னு 2023-ல பிரிட்டன் மரண விசாரணை அதிகாரி சொன்னார். மருந்தடிச்ச ரூம்ல அவங்க தங்கல. பக்கத்து ரூம்லதான் தூங்கினாங்க.

ஆளைக் கூப்பிட்டு "எதையாவது அடிச்சு இன்னிக்கே முடிச்சுக் குடுங்க, சாயங்காலம் கெஸ்ட் வர்றாங்க"ன்னு சொல்ற அவசரம் இருக்கே, ஆபத்து அங்கதான் ஆரம்பிக்குது. தடுப்பு ஒழுங்கா இருக்கிற இடத்துல அந்த அவசரமே வராது. என்னைப் பொறுத்தவரை, தடுப்புக்குச் செலவு பண்றதுக்கு இதுவே முதல் காரணம், லாபக் கணக்கு அடுத்ததுதான்.

மருந்து அடிச்சே ஆகணும்னா, மூணு கேள்வி கேளுங்க:

1. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ன் கீழ லைசென்ஸ் இருக்கா? நகலை வாங்கி ஃபைல்ல வைங்க.
2. என்ன மருந்து, எவ்வளவு, எந்த ரூம்ல? பில்லுல எழுதித் தரணும்.
3. எத்தனை மணி நேரம் ரூம் காலியா இருக்கணும்? பக்கத்து ரூம் நிலைமை என்ன?

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை லாட்ஜ் ரூம்ல வைக்கிறேன்னு யாராவது சொன்னா, பேச்சே வேண்டாம், திருப்பி அனுப்பிடுங்க. அது சரக்குக் கிடங்குக்கும் தானியத்துக்கும் பயிற்சி பெற்றவங்க கையாள்ற விஷயம். ஈரம் பட்டா பாஸ்பீன் விஷவாயு வரும். தூங்குற ரூமுக்கு அது வேண்டவே வேண்டாம்.

இந்தக் கடற்கரைக்குன்னு ஒரு செக்லிஸ்ட்

கோவைக்கு எழுதின பட்டியல் இங்க அப்படியே செட் ஆகாது. உப்புக் காத்து, ஈரப்பதம், தண்ணியைச் சேமிச்சு வைக்கிற பழக்கம், இந்த மூணும் இங்க தனி.

மூட்டைப்பூச்சி: மரத்துல சாய்வுப் பலகை, பிரம்பு நாற்காலி, சுவரோட ஒட்டின வால்பேப்பர் இதெல்லாம் அதுக்கு அரண்மனை. இரும்போ ஸ்டீலோ கட்டில் போடுங்க, சுவர்ல இருந்து நாலு விரல் தள்ளி. மெத்தைக்கு முழு உறை. பெட்டி வைக்க ஒரு உலோக ஸ்டாண்ட். வாரம் ஒரு தடவை மெத்தைத் தையல் ஓரம், கட்டில் மூலை, பலகைக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பார்க்கணும். சின்னக் கறுப்புப் புள்ளிகளோ ரத்தக் கறையோ தெரிஞ்சா உடனே ரூமை நிறுத்துங்க. 50 டிகிரி செல்சியஸ் தாண்டினா பூச்சியும் முட்டையும் தாங்காது. அதனால விரிப்பு, தலையணை உறையை 60 டிகிரி சுடுதண்ணியில துவைக்கணும். லாண்டரிக்கு வெளியில கொடுக்கறீங்கன்னா, அழுக்கு மூட்டையும் துவைச்ச மூட்டையும் ஒரே வண்டியில ஒண்ணா வராமப் பார்த்துக்கோங்க.

எலி: பென்சில் நுழையிற ஓட்டையில சுண்டெலிக் குட்டி நுழைஞ்சிடும். ஏசி பைப், கேபிள், வாஷ்பேசின் குழாய் போற ஓட்டையெல்லாம் சிமென்ட், உலோக வலை போட்டு அடைங்க. சாதாரண ஜிஐ வலை உப்புக் காத்துல சீக்கிரமே துருப்பிடிக்கும். முதல்லயே துருப்பிடிக்காத ஸ்டீல் வலை வாங்கினா ரெண்டாவது செலவு மிச்சம்.

கொசு: டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு தேங்கின நல்ல தண்ணியில முட்டை போடும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால ஏசி தண்ணி விழுற தட்டு, பூந்தொட்டித் தட்டு, மொட்டை மாடி பழைய பக்கெட் எல்லாத்தையும் வாரம் ஒரு நாள் காய வைக்கணும். மேல்நிலைத் தொட்டி மூடி சரியா மூடணும். நகரத்து மலேரியாவைப் பரப்புற கொசுவுக்கு அந்தத் தொட்டிதான் வீடு.

கரப்பான்பூச்சி: ஒரு முட்டைக் கூட்டுல 30, 40 குஞ்சு இருக்கும். ஸ்ப்ரேயைவிட, மூலைகள்ல வைக்கிற ஜெல் நல்லா வேலை செய்யும். பாத்ரூம் வடிகாலுக்கு மூடியும் வலையும் கட்டாயம். ரூம்லயே சாப்பாட்டு மிச்சம் ராத்திரி முழுக்கக் கிடக்கக் கூடாது.

வெள்ளத்துக்குப் பிறகு: 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை. வெள்ளம் வந்தா வளையில இருக்கிற எலி, பூச்சி எல்லாம் மேடான இடத்துக்கு, அதாவது கட்டடத்துக்குள்ள வரும். தரைத்தளத்துல நனைஞ்ச மெத்தை, அட்டைப்பெட்டி எதையும் காய வெச்சு மறுபடி உபயோகிக்காதீங்க. ஒரு அவசர நிதி இதுக்குன்னு தனியா இருக்கட்டும். வீட்டுக்கு 6 மாச எமர்ஜென்சி ஃபண்ட்னு பேசுறோமே, தொழிலுக்கும் அதே ஃபார்முலாதான்.

"சின்ன லாட்ஜ் சார், இவ்வளவு கட்டுப்படி ஆகாது"

இந்த வாதத்துல நியாயம் இல்லாம இல்ல. 800 ரூபாய் ரூம்ல மார்ஜின் கம்மி. ஆனா மேல இருக்கிற பட்டியலைத் திரும்பப் படிங்க. கட்டிலை நகர்த்தறது, தட்டுத் தண்ணியைக் கொட்டறது, டார்ச் அடிச்சுப் பார்க்கிறது, ஓட்டையை அடைக்கிறது, பாதிக்கு மேல காசே இல்லாத வேலை. பழக்கம்தான் வேணும்.

அந்தப் பழக்கம் யார் கையில இருக்கு? தினமும் மெத்தையைத் தூக்கி விரிப்பு மாத்துற அக்கா கையில. பூச்சியை முதல்ல பார்க்கிறது அவங்கதான். "பூச்சி இருக்கு"ன்னு சொன்னா திட்டு விழும்னு பயம் இருக்கிற லாட்ஜ்ல, முதலாளிக்கு விஷயம் ரிவ்யூ மூலமாத்தான் தெரிய வரும். சொன்னவங்களுக்கு அன்னிக்கே 200 ரூபாய் கையில கொடுங்க. 2,14,500 ரூபாய் சம்பவத்தைத் தடுக்க இதைவிட மலிவான வழி இல்ல.

முதலாளி ஆகல, கெஸ்ட்தான்னா?

ஆபீஸ் வேலையா ஊர் ஊராப் போறவங்க, மேன்ஷன்லயோ பிஜியிலயோ இருக்கிறவங்க, இது உங்களுக்கு.

- ரூமுக்குள்ள போனதும் பையைக் கட்டில் மேல வைக்காதீங்க. முதல்ல பாத்ரூம்ல வெச்சிட்டு, மொபைல் டார்ச்ல மெத்தை ஓரத்தையும் தலைமாட்டுப் பலகையையும் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை.
- பூச்சி இருந்தா போட்டோ, வீடியோ, பில் மூணையும் சேர்த்து வைங்க. ரூம் மாத்தித் தர்றேன்னா, ஒட்டின ரூம் வேண்டாம்னு சொல்லுங்க.
- திரும்பி வந்ததும் துணியைப் பையிலிருந்து நேரா சுடுதண்ணிக்குப் போடுங்க. வீட்டுக்குள்ள ஒரு தடவை வந்துட்டா, மெத்தை, சோபா, மருந்துன்னு ஒரு மாச எஸ்ஐபி பணம் போயிடும்.
- சரிசெய்ய மறுத்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நீங்க கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா புகார்க் கட்டணம் கிடையாது. மங்களூர்ல இருந்து பெங்களூருக்கு ஸ்லீப்பர் பஸ்ல போனப்ப மூட்டைப்பூச்சி கடிச்சதுக்கு, அந்த மாவட்ட ஆணையம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல இழப்பீடு கொடுக்கச் சொன்னது. டிக்கெட் விலை ஆயிரம் ரூபாய்கூட இல்ல.

கடைசி வரியை லாட்ஜ் நடத்தப் போறவங்களும் இன்னொரு தடவை படிங்க. கெஸ்ட் இப்ப கேஸ் போடுறாங்க, ஜெயிக்கவும் செய்றாங்க.

நான் சொல்ல வர்றது இதுதான்

லீஸ் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, அந்தக் கட்டடத்துல ஒரு ராத்திரி பணம் கொடுத்துத் தங்குங்க. விளக்கை அணைச்சு, நடுராத்திரியில எழுந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. மொட்டை மாடி ஏறி தண்ணித் தொட்டி மூடியைப் பாருங்க. பூச்சி இருந்தா ஓட வேண்டாம். சரிசெய்ற செலவை மதிப்பிட்டு அட்வான்ஸ்ல குறைச்சுப் பேசுங்க, ஓட்டை அடைக்கிற வேலை யார் பொறுப்புன்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்குங்க.

அப்புறம் உங்க எக்செல் ஷீட்டைத் திறந்து, கரன்ட் பில்லுக்குக் கீழ ஒரு வரி சேருங்க. வருமானத்துல 2 சதவீதம், பூச்சித் தடுப்பு. அந்த வரியைச் சேர்த்த பிறகும் லாபம் நிக்குதுன்னா, தாராளமா இறங்குங்க. அந்த 2 சதவீதத்தை எடுத்ததுமே லாபம் காணாமப் போகுதுன்னா, பிரச்னை பூச்சியில இல்ல, நீங்க பேசின வாடகையில இருக்கு. வேற கட்டடம் பாருங்க.

உங்க ஊர்ல மாசாந்திர பூச்சிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் என்ன ரேட்டுன்னு கமெண்ட்ல போடுங்க. அடுத்தவங்க கணக்குப் போட அது உதவும்.